மூன்று தரம் அடித்த மணி

மணி மூன்று தரம் அடித்தது. முதல் இரண்டும் நீளமாக, பொறுமையாக. மூன்றாவது குறுகியதாக, அவசரமாக.

ஒரு புதன்கிழமைப் பிற்பகல், பள்ளி இல்லாத நேரம். சுவிசின் பாடன் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. சமையலறை யன்னலோரம் நான் இடுப்பில் கட்டிய சாரத்துடன் நின்றேன். கையில் அப்போதுதான் கழுவிய தேநீர்க் கோப்பை. யன்னல் துணியை ஒரு விரலால் விலக்கிக் கீழே பார்த்தேன்.

வாசற்கதவுக்கு முன்னால் பச்சை மழைச்சட்டை போட்ட உயரமான மனிதர் ஒருவர் நின்றார். பக்கத்தில் ஒரு சிறுமி. அவள் தலையில் பொன்னிறக் கடுதாசியால் வெட்டி ஒட்டிய கிரீடம். தூறலில் அது நனைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது.

முன்னறைச் சோபாவில் என் மகள் தர்சிகா இருந்தாள். எட்டு வயது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போடுவது போல ஒரு மஞ்சள் சட்டை, மடியில் ஒரு பொதி. என் மனைவி வேலைக்குப் போகுமுன் பளபளக்கும் தாளில் சுற்றிக் கொடுத்த நிறப்பென்சில் பெட்டி அது.

"ஆர் அப்பா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"மேல்வீட்டுக்கு ஆரோ வந்திருக்கினம். பிழையா எங்கட மணியை அடிக்கினம்."

கோப்பையைச் சத்தம் வராமல் துணியின் மேல் வைத்தேன். மூன்றாவது மணிக்குப் பிறகு இன்னும் சிறிது நேரம் நின்றார்கள். பிறகு அந்த மனிதர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். சிறுமி மட்டும் நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்தாள். நான் துணியை விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதாதது

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்கள் என்னைப் பற்றி ஓரளவு நல்ல எண்ணம் வைத்திருப்பீர்கள். அதற்கு நான்தான் பொறுப்பு. எல்லை கடந்த கதையையும், உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெர்மன் படித்த கதையையும், தமிழ் வகுப்புக்கு இடம் கேட்டு அலைந்த கதையையும் எழுதினேன். எதிலும் பொய் இல்லை. ஆனால் எழுத எடுத்தவை எல்லாம் நான் நன்றாகத் தெரிகிற பக்கங்கள்.

இந்தக் கிழமை அந்த மணியைப் பற்றி எழுதுகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ, என்ரை பேரையும் போடுங்கோ" என்றாள்.

வரச் சொல்லி, போகவும் சொன்ன கடுதாசி

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் தர்சிகாவின் பள்ளிப் பையில் ஒரு கடுதாசி வந்தது. வண்டு வடிவில் வெட்டி, சிவப்புப் பூசி, கறுப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். அவளோடு ஒரே மேசையில் இருந்து படித்த செரைனாவின் பிறந்தநாள் அழைப்பு. புதன் இரண்டு மணிக்கு வரும்படி எழுதியிருந்தது. ஐந்து மணிக்கு முடியும் என்றும் எழுதியிருந்தது. வருவதாக இருந்தால் இன்ன தேதிக்குள் சொல்லும்படி ஒரு தொலைபேசி இலக்கம்.

வரச் சொல்லும் கடுதாசியிலேயே போகும் நேரத்தையும் எழுதுகிறவர்களை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கு அது அழைப்பாகவே தெரியவில்லை. ஏதோ அலுவலகத்தில் நேரம் எடுத்துப் போவது போல் இருந்தது.

எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். நல்லது கெட்டது எதுவானாலும் வீடு தேடி வந்து, வாயால் சொல்ல வேண்டும். புருசனும் மனைவியுமாக வந்தால் இன்னும் நல்லது. ஆள்விட்டுச் சொன்னால் அது கணக்கில் வராது. என் தகப்பனார் தன் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் கலியாணத்துக்கே போகவில்லை. அழைப்பிதழ் தபாலில் வந்துவிட்டது என்பதுதான் காரணம். அவர்கள் இருந்தது அடுத்த ஒழுங்கையில். கலியாணத்தன்று மேளச்சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. தகப்பனார் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எங்களையும் விடவில்லை.

சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அந்தப் பத்திரிகையை அப்படியே மடித்து நான் சுவிசுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

"பிள்ளையின்ரை பையுக்கை போட்டுவிட்டால் அழைப்போ?" என்று மனைவியிடம் கேட்டேன். "தாய் தேப்பன் வந்து சொல்லவேண்டாமோ?"

"இஞ்சருங்கோ, இந்த நாட்டிலை இப்பிடித்தானாம். வேலையிலை கேட்டனான்."

"ஊருக்கு ஒரு முறை எண்டு இருக்குதானே."

"இது அவையின்ரை ஊர்."

பதில் இல்லாதபோது நான் குரலை உயர்த்துவேன். "எங்களை ஆரெண்டு தெரியாத வீட்டுக்கு என்னண்டு பிள்ளையை விடுறது?" என்றேன்.

மனைவி பருப்பைக் கிளறினாள். தர்சிகா கதவு நிலையில் சாய்ந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "பிள்ளை, உன்னை உண்மையா வேணுமெண்டால் அவை வீட்டை வந்து கேப்பினம். வந்து கேட்டால் அப்பா விடுவன்."

அந்த இலக்கத்துக்கு நான் அழைக்கவில்லை. வருவோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் அவள் தானாகவே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சோபாவில் இருந்தாள். பென்சில் பெட்டிக்கு மனைவி தாள் சுற்றிய நேரம் நான் குளியலறையில் இருந்திருக்கிறேன். "எங்கை வெளிக்கிட்டனி?" என்று கேட்டேன். "ஒரு இடமும் இல்லை, சும்மா இருக்கிறன்" என்றாள்.

அப்போதுதான் மணி அடித்தது.

நான் என்ன நிபந்தனை போட்டேனோ அதைத்தான் அந்த மனிதர் நிறைவேற்றிக்கொண்டு நின்றார். வீடு தேடி வந்திருந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மழையில் நின்றார்.

ஏன் திறக்கவில்லை

பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்த காரணங்கள் உண்டு. எங்கள் வதிவிட அட்டையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. சொல்லாமல் அடிக்கும் மணி என்றால் பொலிஸ்தான் என்று நினைப்பேன். சாரத்தோடு நின்றேன். வீட்டில் மீன் பொரித்த மணம். சோபாவின் ஒரு கால் உடைந்து, கீழே தொலைபேசிப் புத்தகம் வைத்திருந்தோம். என் ஜெர்மன் சமையலறைக்குப் போதும், சபைக்குப் போதாது.

எல்லாம் உண்மைதான். ஆனால் யன்னலால் பார்த்த அந்தக் கணத்திலேயே கீழே நிற்பது பொலிஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். கடுதாசிக் கிரீடத்தோடு எந்தப் பொலிசும் வராது.

இந்த வயதில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வரமாட்டார்கள் என்று நான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர்கள் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் நான் பிழை என்று ஆகிவிடும்.

சுமித் வைத்திருந்த பெட்டி

அந்தப் பாடம் எனக்கு எங்கே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் கணிதம் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழன் சுமித், சிங்களவன். குளிர் இறங்கும் பின்னேரங்களில் ஒரு மின்சாரக் கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் போட்டுத் தேநீர் வைப்போம். விடுதியில் அது தடை. வார்டன் வரும் சத்தம் கேட்டால் சுமித் அந்தச் சூடான சுருளைச் சப்பாத்துக்குள் ஒளிப்பான். என் சப்பாத்துக்குள். வீட்டிலிருந்து எனக்கு வரும் எள்ளுப்பாகு உருண்டைகளில் பாதி அவன் வயிற்றுக்குள் போகும். அவன் அம்மா அனுப்பும் கொக்கிஸ் பலகாரத்தில் முக்கால்வாசி என் வயிற்றுக்குள் போகும்.

அவனைத் தவிர எனக்கு அங்கே வேறு சிங்கள நண்பர்கள் இல்லை. மற்ற நேரமெல்லாம் எங்கள் பெடியங்களோடுதான். சாப்பாட்டறையில் எங்கள் மேசை, வாசிகசாலையில் எங்கள் மூலை. சுமித்தை நான் ஒரு விதிவிலக்காகத்தான் வைத்திருந்தேன் என்பது இப்போது விளங்குகிறது.

பிறகு நாடு கெட்ட ஒரு நாள் வந்தது. தமிழரைத் தேடி விடுதிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று பின்னேரம் போல ஒரு கதை பரவியது. தமிழ்ப் பெடியங்கள் ஒரு வான் வண்டியில் புறப்படுவதாக ஏற்பாடு. நான் ஒரு பையில் இரண்டு சட்டையும் சான்றிதழ்களும் வைத்தேன். புத்தகம் நிறைந்த இரும்புப் பெட்டியை விட்டுவிட்டேன். சுமித் அந்த நேரம் ஓடைப் பக்கம் இருந்த படிப்பறையில் இருந்தான். கதவு மூடியிருந்தது. அதைக் கடந்துதான் போனேன். தட்டவில்லை. தட்டினால் அவன் முகம் மாறியிருக்கும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை. "கடைசியில் அவனும் அவங்கள் பக்கம்தான்" என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சுவிசுக்கு வந்து கனகாலம் கழித்து, லண்டனில் இருந்த பழைய வகுப்புத் தோழன் ஒருவன் தொலைபேசியில் வந்தான். பேச்சோடு பேச்சாக, "உன்ரை பெட்டி கிடைச்சதோ?" என்று கேட்டான்.

"என்ன பெட்டி?"

"சுமித் தன்ரை வீட்டை கொண்டுபோய் ரெண்டு வருசம் வைச்சிருந்தவன். பிறகு என்னட்டைக் கொண்டுவந்து தந்தவன். நான் உங்கட வீட்டை குடுத்தனான். அண்டைக்குப் பின்னேரம் உன்னைத் தேடி அறை அறையாத் திரிஞ்சவனாம். ஏன் சொல்லாமல் போனவன் எண்டு கேட்டான்."

நான் ஒரு புறக்கணிப்பைச் சுமந்துகொண்டு நாடு விட்டு நாடு வந்தேன். அந்தப் புறக்கணிப்பு நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றை வைத்துத்தான் பிள்ளையை வளர்த்தேன். தொலைபேசி வந்தபோது தர்சிகா உயர்பாடசாலைக்குப் போய்விட்டாள்.

ஒரே மேசை

மணி அடித்த அந்த நாளுக்குப் பிறகு தர்சிகா செரைனாவின் பெயரைச் சொல்லவில்லை. வகுப்பில் இடம் மாறி ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். உயர்பாடசாலையில் அது நான்கு பிள்ளைகள் ஆனது. நால்வரும் ஒரே ரயிலில் போய், மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் இருந்து, ஒரே ரயிலில் வந்தார்கள்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் எழுந்து, "என்ரை மகளின்ரை சிநேகிதம் எல்லாம் எங்கட பிள்ளையள்தான், அதாலை எனக்கு ஒரு பயமும் இல்லை" என்று பேசினேன். கை தட்டினார்கள். அன்று கை தட்டிய பெற்றோர்களின் பிள்ளைகளையும் நினைக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை.

மகன் நிரூபன் அவளுக்கு நான்கு வயது இளையவன். மணி அடித்த அன்று உள்ளறையில் நித்திரையில் இருந்தான். அவனை நான் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த நேரம் இரண்டு வேலை செய்தேன். அவன் பந்து விளையாடப் போய் ஒரு அல்பேனியப் பிள்ளை, ஒரு போர்த்துக்கேயப் பிள்ளை, இரண்டு சுவிஸ் பிள்ளைகள் என்று சேர்த்துக்கொண்டு வந்தான். எங்கள் குளிர்சாதனப் பெட்டியை அவர்கள் கேட்காமல் திறப்பார்கள். மிளகாய்ப் பொரியலைத் தின்றுவிட்டுக் குழாய்க்குக் கீழே வாயைப் பிடிப்பார்கள். அவனைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டேன்.

ஒரே வீட்டில், ஒரே பருப்பைச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் கதைத்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உயர்பாடசாலையின் கடைசி வருடத்தில் எழுதும் பெரிய ஆய்வுக் கட்டுரையை இரண்டு பேர் சேர்ந்தும் எழுதலாம். அவளுடைய தமிழ்த் தோழிகள் வேறு பாடம்.

"நான் தனியத்தான் செய்யப்போறன்" என்றாள் தர்சிகா.

"ஏன், வகுப்பிலை இருவது பேர் இருக்கினமெல்லோ?" என்றான் நிரூபன்.

"அவை என்னைக் கேக்கமாட்டினம்."

"நீ கேட்டனியோ?"

"கேக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"என்னை ஒருத்தன் விளையாடக் கூப்பிடேல்லை எண்டால், மறந்துபோனான் எருமை எண்டு நானே போய் நிப்பன். நீ என்னண்டால், வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம் எண்டு கடிதம் வந்த மாதிரி இருக்கிறாய்."

"உனக்கு ரோசம் இல்லை."

"இல்லைத்தான். அதாலைதான் எனக்கு எல்லாப் பிறந்தநாளிலும் கேக் கிடைக்கிது."

நான் சிரித்தேன். தர்சிகா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

கட்டுரையைத் தனியாகத்தான் எழுதினாள். முதல்தரப் புள்ளி வாங்கினாள். பல்கலைக்கழகத்திலும் அப்படியே. விரிவுரை மண்டபத்தில் ஓரத்து இருக்கை, குழு வேலை என்றால் வயிற்றுவலி. படித்து முடித்து, பிரெஞ்சு பேசும் லோசான் நகரத்துக்குப் போய் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை எடுத்தாள், கலியாணமும் முடித்தாள். யாரோடும் பகை இல்லை. யாரும் அவள் வீட்டுக்கு வருவதில்லை.

மனித மனம் எனக்குக் கொஞ்சம் கணக்கு மாதிரித்தான் விளங்கும். கண்ட உதாரணங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், காணாததையும் மனம் தானே எழுதிவிடுகிறது. நிரூபனிடம் பலவிதமான உதாரணங்கள் இருந்தன. ஒருவன் ஏசினால் இன்னொருவன் தோளில் கை போடுவான் என்று அவனுக்குத் தெரியும். தர்சிகாவுக்கு நான் ஒரே ஒரு உதாரணம்தான் விட்டுவைத்தேன் என்று நினைத்திருந்தேன். வராதவர்கள் என்ற உதாரணம்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லோசானுக்குப் போன ரயில்

இந்த வருடம் பனி கரையத் தொடங்கிய நாட்களில் தர்சிகா வழமைபோல ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். ஐந்து நிமிடம்தான் கதைப்பாள். மருந்து, சாப்பாடு, காலநிலை. அன்று வைக்கப்போகும்போது, "அனிக்காவுக்கு ஒரு பிறந்தநாள் அழைப்பு வந்திருக்கு" என்றாள். அனிக்கா அவளுடைய மகள், ஏழு வயது.

"ஆர்?"

"வகுப்பிலை ஒரு பிள்ளை. எலோடி. கடுதாசியைப் பையுக்கை வைச்சு விட்டிருக்கினம்."

என் காது சூடாகியது. "அனுப்புறதுதானே?"

"யோசிக்கிறன். பதில் இன்னும் சொல்லேல்லை." பிறகு, "சரி அப்பா, வைக்கிறன்."

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி, "என்ன, சுகமில்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். அடுத்த நாள் காலை ரயில் ஏறினேன். ஃப்ரீபூர் நிலையம் தாண்டியதும் அறிவிப்பில் பிரெஞ்சு முதலில் வந்தது. ஒரு சுரங்கம் முடிந்ததும் கீழே ஏரி முழுதாக விரிந்தது. எத்தனையோ தரம் பார்த்த காட்சிதான். அன்று அதைப் பார்க்க மனம் இல்லாமல் வாயில் வசனங்களை அடுக்கிக்கொண்டு இருந்தேன். அகதி விசாரணைக்குப் போனபோதும் இப்படித்தான் அடுக்கினேன். அன்று சொன்னதில் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இருந்தது. இன்று அப்படிச் செய்யக்கூடாது என்று எண்ணிக்கொண்டேன்.

தர்சிகா அரைநாள் வேலை முடித்து வந்திருந்தாள். கதவைத் திறந்ததும், "அம்மாவுக்கு ஏதும்…?" என்றாள்.

"அம்மா நல்லா இருக்கிறா. உன்னோடை ஒரு கதை."

சமையலறையில் இருத்தி வெறுந்தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சீனித் துண்டு. நான் அடுக்கிவந்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன.

"நீ சின்னனிலை, மஞ்சள் சட்டையோடை சோபாவிலை இருந்தனி. மணி அடிச்சது. ஞாபகம் இருக்கோ?"

அவள் தலையாட்டினாள்.

"மேல்வீட்டுக்கு எண்டு சொன்னனான். பொய், பிள்ளை. அது செரைனாவும் தேப்பனும். உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவை. அவை உன்னை வேண்டாமெண்டு விடேல்லை. வந்தவை. நான்தான் திறக்கேல்லை. இதை நீ அறியாமல் உன்ரை பிள்ளையையும் நிப்பாட்டிப்போடுவாய் எண்டு பயந்துதான் வந்தனான்."

மூன்றாம் தரம்

தர்சிகா தன் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். வெளியே பேருந்து ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது.

"அப்பா, முன்னறை யன்னலும் றோட்டுப் பக்கம்தானே" என்றாள்.

எனக்கு அது உடனே உறைக்கவில்லை.

"நான் பாத்தனான். மணி அடிக்க முந்தியே பாத்தனான். அவை வருவினம் எண்டு தெரியும். நான்தான் வரச் சொன்னனான்."

"நீயோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், வீட்டை வந்து கேட்டால் விடுவன் எண்டு. நான் செரைனாட்டைச் சொன்னனான். எங்கட ஊரிலை அப்பிடித்தான், வந்து கேட்டால் எங்கட அப்பா கட்டாயம் விடுவார் எண்டு. அவள் தேப்பனைக் கேட்டு, அவர் சரியெண்டு வந்தவர். பிறந்தநாள் வீட்டிலை மற்றப் பிள்ளையளை விட்டுட்டு வந்தவர்."

கோப்பையை மேசையில் வைத்தேன்.

"அப்ப நீ ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் கோப்பையைச் சத்தமில்லாமல் வைச்சதைப் பாத்துக்கொண்டிருந்தனான். சோபாவிலையிருந்து பாத்தால் சமையலறை தெரியும்." கோப்பையை ஓரமாகத் தள்ளினாள். "அடுத்தநாள் செரைனா கேட்டவள், ஏன் திறக்கேல்லை எண்டு. நாங்கள் வீட்டிலை இல்லை, அம்மாவின்ரை வேலையிடத்துக்குப் போயிட்டம் எண்டு சொன்னன். அவள் நம்பீட்டாள். தேப்பன் ரெண்டு தரம் அடிச்சிட்டுப் போவம் எண்டவராம். மூண்டாம் தரம் தான்தான் அடிச்சது எண்டு சொன்னாள்."

குறுகியதாக, அவசரமாக அடித்த அந்த மூன்றாவது மணி.

"பொய் சொன்ன பிறகு அவளோடை இருக்க ஏலாமல் போச்சு. முகத்தைப் பாக்க வெக்கம். அதாலைதான் இடம் மாறினனான். அதுக்குப் பிறகு, புதுசா ஒரு பிள்ளை வந்து கதைச்சால், இது நல்லாப் போனால் ஒருநாள் எங்கட வீட்டை வரும், வந்து மணி அடிக்கும், நாங்கள் திறக்கமாட்டம், நான் திருப்பியும் பொய் சொல்லவேணும் எண்டு நினைப்பன். அதைவிடத் துவக்கத்திலேயே கதைக்காமல் விடுறது சுகம். எங்கட பிள்ளையளோடை அந்தப் பிரச்சினை இல்லை. அவைக்கு எங்கட அப்பாமாரைத் தெரியும்." லேசாகச் சிரித்தாள். "அவையின்ரை அப்பாமாரும் அப்பிடித்தானே."

அவர்கள் தன்னை வேண்டாம் என்பார்கள் என்று அவள் பயப்படுகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் பயந்தது எங்களுக்கு. வருகிறவர்களை நாங்கள் என்ன செய்வோம் என்பதற்கு. எட்டு வயதில் எனக்காகப் பொய் சொல்லி, அந்தப் பொய்யைப் பாதுகாக்கவே தனியாக இருந்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்கொள், பிள்ளை" என்றேன். அவளிடம் நான் அந்தச் சொல்லை அதற்கு முன் சொன்னதில்லை.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

குடித்தேன். ஆறித்தான் இருந்தது. நான் புறப்படும்போது கதவடியில் நின்று, "அந்தப் பென்சில் பெட்டி இருக்கோ?" என்று கேட்டாள். இருக்கிறது. மூன்று வீடு மாறியும் அலுமாரி மேல்தட்டில் இருக்கிறது என்றேன். மனைவி எறியவில்லை, பிரிக்கவும் இல்லை. அவள் ஏன் அப்படி வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

"அங்கையே இருக்கட்டும்" என்றாள் தர்சிகா.

லிம்மாத் கரையில்

இப்போதெல்லாம் பின்னேரம் லிம்மாத் ஆற்றோரம் நடக்கும்போது, பச்சை மழைச்சட்டை போட்ட உயரமான ஆட்களைக் கண்டால் நின்றுவிடுகிறேன். செரைனாவின் தகப்பனுக்கு இப்போது எண்பது வயது கிட்ட இருக்கும். இருந்தால். ஒரு தரம் ஒருவரைக் கூர்ந்து பார்க்கப்போக, அவர் "வழி தெரியவில்லையா?" என்று அன்பாகக் கேட்டார். இல்லை, இங்கேதான் இருக்கிறேன் என்றேன்.

அவரைக் கண்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். அன்று நாங்கள் வீட்டில் இருந்தோம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என் ஜெர்மன் இப்போது அதற்குப் போதும்.

செரைனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கலியாணம் முடித்து வேறு பெயரில் இருப்பாள். அந்தப் புதன்கிழமை அவளுக்கு நினைவே இல்லாமல் இருக்கலாம். எனக்கு அந்தக் கிரீடம் எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்றுகூட நினைவிருக்கிறது. வலப் பக்கம்.

நான் லோசான் போய்வந்து பத்து நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை, இரண்டு மணி தாண்டிச் சில நிமிடம். கைத்தொலைபேசியில் தர்சிகாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவள் அப்படி அனுப்புகிறவள் இல்லை. யன்னலோரம் போய் நின்று காதில் வைத்தேன்.

முதலில் படி ஏறும் சத்தம். இரண்டு சோடிச் சப்பாத்து, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கடுதாசி உரசும் சத்தம், பொதியாக இருக்க வேண்டும். பிறகு அனிக்காவின் மூச்சு வாங்கும் குரல்: "அம்மா, நீங்கள் அடிக்கிறீங்களோ?"

"இல்லை, நீ அடி."

மணி ஒரு தரம் அடித்தது.

உள்ளே யாரோ ஓடிவரும் சத்தம். வெறுங்கால். பூட்டு திரும்பி, கதவு திறந்து, பல பிள்ளைகளின் கூச்சல் ஒரேயடியாக வெளியே வந்தது. அங்கே பதிவு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன்.